கேமராவின் மீது போடும் பழி

செல்போன் கேமராவும் ரேடார் கருவியும் வந்து கோல்ஃப் கற்பிப்பதையே கெடுத்துவிட்டன என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முன்னாள் சாம்பியன்கள் தொலைக்காட்சி வர்ணனையில் இதைச் சொல்கிறார்கள். ஆட்டம் முடிந்து கிளப்பில் உட்கார்ந்து பேசுபவர்கள் சொல்கிறார்கள். பயிற்சியாளர்கள் சிலர் தங்களிடம் கருவி எதுவும் இல்லை என்பதையே பெருமையாக அறிவிக்கிறார்கள். அந்தக் காலத்து ஆசான் வெறுங்கண்ணால் பார்த்தே பிழையைப் பிடித்தார், ஆடுபவர் கையால் உணர்ந்தே திருத்திக்கொண்டார், இன்றைய பிள்ளைகளோ ஒவ்வொரு அடிக்கும் திரையைத் திரும்பிப் பார்க்கிறார்கள், ஆகவே கேமராவை மூடிவிட்டு உடம்பை நம்பு என்பதுதான் இவர்கள் வாதம்.

இந்தக் கருத்து பரவியிருக்கும் அளவுக்கு அதில் உண்மை இல்லை. வயதானவர்களின் பழங்கால ஏக்கம் என்று விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. இதை நம்பியவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே பிழையோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அதைத் திருத்தப் பணமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேமரா இல்லாத பொற்காலம் ஒன்று இருந்ததாகச் சொல்கிறார்களே, அது எந்தக் காலம்? 1904இலேயே ஜார்ஜ் பெல்டம் என்ற ஆங்கிலேயர் ஹாரி வார்டன், ஜே. எச். டெய்லர், ஜேம்ஸ் பிரெய்டு ஆகியோரின் ஸ்விங்கைப் புகைப்படங்களாக எடுத்துப் புத்தகமாகப் போட்டார். பெரிய ஆட்டக்காரர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைப் படத்தில் பார்க்க அன்றைக்கே ஆட்கள் காத்திருந்தார்கள். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்று ஓய்வுபெற்ற பாபி ஜோன்ஸ், அடுத்த ஆண்டே வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காகப் பன்னிரண்டு குறும்படங்களில் நடித்தார். ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு அவர் கோல்ஃப் சொல்லித்தருவதுதான் கதை. அவருடைய ஸ்விங் அதில் ஸ்லோ மோஷனில் ஓடியது, திரையரங்குகளில் மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். 1938இல் எம்ஐடியின் ஹெரால்டு எட்ஜர்டன், விட்டுவிட்டு மின்னும் விளக்கைக் கொண்டு ஆட்டக்காரர் டென்ஸ்மோர் ஷூட்டின் ஒரே ஸ்விங்கை ஒரே படத்தாளில் பல பிம்பங்களாகப் பதித்தார். டவுன்ஸ்விங்கில் கிளப்பின் தண்டு வளைவதை அந்தப் படம் காட்டியது. கையுணர்வின் தெய்வம் என்று இன்றும் கொண்டாடப்படும் பென் ஹோகன் 1957இல் எழுதிய ஐந்து பாடங்கள் நூலின் புகழ்பெற்ற ஓவியங்களை வரைந்தவர் அந்தோணி ராவியெல்லி. அவர் ஹோகனைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் வரைந்தார். ஆக, கேமராவை வெறுப்பவர்கள் தலைமாட்டில் வைத்துப் படிக்கும் புத்தகமே கேமராவின் உதவியோடு பிறந்தது.

வரலாறு ஒருபுறம் இருக்கட்டும். உடம்பை நம்பு என்கிறார்களே, உடம்பு சொல்வது எந்த அளவுக்கு உண்மை என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி.

கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கையின் நரம்பிலிருந்து மூளைக்குச் செய்தி போய்ச் சேர இதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். அடித்தது நமக்குத் தெரியவரும்போது பந்து கிளப்பை விட்டுக் கிளம்பியிருக்கும். இதை 1968இலேயே அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் தங்கள் ஆய்வுநூலில் எழுதிவிட்டார்கள். டவுன்ஸ்விங் முழுவதுமே கால் விநாடிதான். அந்தக் கால் விநாடிக்குள் இடுப்பு எங்கே இருந்தது, மணிக்கட்டு எப்போது விரிந்தது என்று ஒருவர் நிச்சயமாகச் சொன்னால், அவர் தன் நினைப்பைச் சொல்கிறார், நடந்ததைச் சொல்லவில்லை. பேக்ஸ்விங்கில் கிளப்பைத் தோள் உயரத்தில் நிறுத்தியதாகச் சத்தியம் செய்பவரைப் படம் எடுத்துப் பாருங்கள். கிளப் தலைக்கு மேலே போய் மறுபக்கம் சரிந்திருக்கும். ஒலிப்பதிவில் தன் குரலை முதன்முதலாகக் கேட்கும் பாடகர் திடுக்கிடுவதைப் போன்றது இது. பதிவு பொய் சொல்லவில்லை, தன் காதுக்குள் கேட்டதைத்தான் அவர் இத்தனை நாள் தன் குரல் என்று நம்பியிருந்தார்.

உணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. களத்தில் நிற்கும்போது ஒருவரிடம் இருப்பது உணர்வு ஒன்றுதான். அதனாலேயே அந்த உணர்வு எதைக் குறிக்கிறது என்பதை முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். பாதி தூரம்தான் தூக்குகிறோம் என்று தோன்றும்போது உண்மையில் சரியான உயரத்துக்கு வருகிறது என்பதை ஒருவர் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அதன்பின் அந்தத் தோற்றத்தையே பிடித்துக்கொண்டு ஆடலாம். இந்த ஒப்பீட்டைச் செய்து தர வெறுங்கண்ணுக்கு வேகம் போதாது.

ஆசானின் கண்ணுக்கும் அதே கதிதான். இங்கேதான் பழைமைவாதிகள் பேச விரும்பாத ஒரு விஷயம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பயிற்சியாளர்கள், சங்கங்களின் பாடநூல்கள் உட்பட, பந்து எப்படிப் பறக்கிறது என்பதையே தவறாகக் கற்பித்து வந்தார்கள். கிளப் எந்தப் பாதையில் வீசப்படுகிறதோ அந்தத் திசையில் பந்து கிளம்பும், கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பிறகு வளையும் என்றார்கள். உண்மை ஏறக்குறைய இதற்கு நேர் எதிர். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப்பின் முகம். டிரைவரில் அதன் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல், அயர்னில் முக்கால் பங்கை ஒட்டி. பந்து முகத்தின் நடுவில் பட்டிருந்தால், அது வளைவது முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது.

இந்தத் தவறு ஏட்டோடு நின்றுவிடவில்லை. வலக்கை ஆட்டக்காரர் ஒருவருக்கு எதிரே மரம் நிற்கிறது, பந்தை வலப்பக்கமாக அனுப்பி இடப்பக்கம் வளைத்து மரத்தைச் சுற்றி க்ரீனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வையுங்கள். பழைய பாடப்படி அவர் கிளப்பின் முகத்தை மரத்துக்குப் பின்னாலுள்ள கொடிக்கு நேராக வைத்துக்கொண்டு, மரத்துக்கு வலப்பக்கமாக வீசுவார். பந்து முகம் பார்த்த திசையில் கிளம்பி நேரே மரத்தில் மோதும். நீ சரியாக வீசவில்லை என்பார் ஆசான். அவரும் அதைத்தான் படித்தார், அவருடைய ஆசானும் அதைத்தான் படித்தார். சொன்னபடியே செய்த மாணவர் தன்மேல்தான் பிழை என்று நம்பிக்கொண்டு திரும்பத் திரும்ப மரத்தில் அடித்துக்கொண்டிருப்பார். இப்படி எத்தனை பேர் தங்கள் திறமையையே சந்தேகித்து ஆட்டத்தை விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காக்ரனும் ஸ்டாப்ஸும் 1968இலேயே சரியான விளக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் தியடோர் யார்கன்சன் 1990களில் அதை இன்னும் துல்லியமாகக் கணக்கிட்டு எழுதினார். பயிற்சித் திடல்களில் ஒன்றும் மாறவில்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிளப்பின் முகம் இரண்டு டிகிரி திறந்திருப்பதை எந்த மனிதக் கண்ணாலும் பார்க்க முடியாது. ஆனால் அந்த இரண்டு டிகிரி, 200 கெஜ தூரத்தில் பந்தை ஏழு கெஜம் தள்ளிவிடப் போதும். கண்ணுக்குத் தெரியாததால் பழைய பாடத்தைக் கேள்வி கேட்க யாருக்கும் அவசியம் வரவில்லை. 2003இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட ட்ராக்மேன் நிறுவனம், ராணுவ ரேடாரில் வேலை பார்த்த ஃபிரெட்ரிக் டுக்சன் என்ற பொறியாளரின் கைவண்ணத்தில் டாப்ளர் ரேடாரைக் கோல்ஃப் திடலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் விஷயம் அம்பலமானது. ஒவ்வொரு அடிக்கும் பாதை இவ்வளவு, முகம் இவ்வளவு என்று எண்ணாகக் காட்டியதும் பாடநூல்கள் திருத்தப்பட்டன. கண்ணும் அனுபவமும் போதும் என்ற வாதத்தை வைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காவது பதில் சொல்ல வேண்டும்.

அவர்கள் பதில் சொல்வதற்குப் பதிலாகப் பெயர்களை அடுக்குவார்கள். ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் எந்தப் பாடநூலிலும் அடங்காது, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா, அவர்தான் 2016இல் ட்ராவலர்ஸ் போட்டியில் ஒரே சுற்றில் 58 அடித்தார். பப்பா வாட்சன் யாரிடமும் முறையாகப் பாடம் கேட்டதில்லை என்று சொல்பவர், மாஸ்டர்ஸை இரண்டு முறை வென்றார். நம் நாட்டு அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்து 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். இவர்கள் எந்தக் கேமராவைப் பார்த்தார்கள் என்று கேட்பார்கள்.

இவர்கள் அபூர்வமானவர்கள், மற்றவர்கள் அப்படியல்ல என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. ஃப்யூரிக்குக்கு அப்பா வாய்த்தார். சிறு வயதிலிருந்து அதே ஸ்விங்கைப் பார்த்து வளர்த்த ஒரு ஜோடிக் கண்கள் அவருக்கு ஆயுள் முழுவதும் இருந்தன. கேடிகள் திடலில் என்ன செய்தார்கள்? நாள் முழுக்க நல்ல ஆட்டக்காரர்களையும் மோசமான ஆட்டக்காரர்களையும் அருகில் நின்று பார்த்தார்கள். எந்த வீச்சுக்கு எந்தப் பந்து போகிறது என்று ஆயிரக்கணக்கான முறை கவனித்தார்கள். கேடியாகக் கிடந்து முன்னுக்கு வந்தவர்கள் பார்க்காமல் கற்றுக்கொண்டவர்கள் என்று சொல்வது அவர்கள் உழைப்பை அவமதிப்பது. யாரையும்விட அதிகமாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் பார்க்கக் கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்று, தங்களுடைய சொந்த ஸ்விங்.

கேமராவால் கெட்டவர்கள் என்று இன்னொரு பட்டியலும் வைத்திருக்கிறார்கள். அதில் முதல் பெயர் பெரும்பாலும் இயன் பேக்கர்-ஃபின்ச். 1991இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற ஆஸ்திரேலியர், 1997இல் அதே போட்டியின் முதல் சுற்றில் 92 அடித்துவிட்டு ஆட்டத்தையே விட்டு விலகினார். மனதை உலுக்கும் கதைதான். கூடுதல் தூரம் தேடி, இருந்த நல்ல ஸ்விங்கைக் கலைக்கப் போனதில் தொடங்கியது அது. தூர ஆசைக்குக் கேமரா தேவையில்லை, கேமரா இல்லாத காலத்திலும் அந்த ஆசை ஆட்டக்காரர்களை அழித்திருக்கிறது. அந்தப் பட்டியலை நீட்டுபவர்கள் நிக் ஃபால்டோவைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1980களின் நடுவில் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய், வீடியோவில் பார்த்துப் பார்த்து ஸ்விங்கை அடியோடு பிரித்துக் கட்டினார் அவர். இரண்டு ஆண்டுகள் அவர் ஆட்டம் கீழே கிடந்தது, பத்திரிகைகள் கேலி செய்தன. 1987இல் மியூர்ஃபீல்டில் கடைசிச் சுற்றின் பதினெட்டுக் குழிகளிலும் பார் அடித்து ஓப்பனை வென்றார். மொத்தம் ஆறு பெரும்பட்டங்கள்.

டைகர் உட்ஸ் 1997 மாஸ்டர்ஸை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றபோது அவருக்கு வயது 21. அந்த வெற்றியின் பதிவைப் பிறகு போட்டுப் பார்த்தவர், இந்த ஸ்விங் நிலைக்காது என்று முடிவுசெய்து, பயிற்சியாளர் புட்ச் ஹார்மனோடு உட்கார்ந்து அதை மாற்றினார். உலகமே கையெடுத்துக் கும்பிட்ட ஒரு வெற்றியைப் படத்தில் பார்த்து அதில் குறை கண்டுபிடிக்கும் துணிவை நினைத்துப் பாருங்கள். 1998இல் ஒரு பெரும்பட்டமும் வரவில்லை, கெடுத்துக்கொண்டான் என்றார்கள். 2000இல் யு.எஸ். ஓப்பனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 2001 ஏப்ரலில் நான்கு பெரும்பட்டங்களும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தன.

ஃபால்டோ, உட்ஸ் இருவர் கதையிலும் நடுவே ஒரு பள்ளம் வருகிறதே, அதுதான் கேமரா மீதான பழி எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் காட்டுகிறது. மார்க் குவாடனோலியும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. முப்பது ஆட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வீடியோவோடு பாடம், இன்னொன்றுக்கு வாய்மொழிப் பாடம் மட்டும், மூன்றாவது குழு தானாகவே பழகிக்கொள்ள வேண்டும். தலா ஒன்றரை மணி நேரம் நான்கு வகுப்புகள் முடிந்த கையோடு 7 அயர்னைக் கொடுத்துச் சோதித்தபோது, பாடம் கேட்ட இரண்டு குழுக்களும் தானாகப் பழகியவர்களைவிட மோசமாக அடித்தன. அன்றோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் பழைமைவாதிகள் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தார்கள். பாடம் கேட்டவர்கள் முந்தினார்கள், எல்லோரையும்விட நன்றாக அடித்தது வீடியோ பார்த்த குழு.

இருக்கும் பழக்கத்தைக் கலைத்தால் சிறிது காலம் ஆட்டம் சரியும். அந்தச் சரிவில் இருப்பவரைப் பார்த்துத்தான் 'பார், கேமரா இவனைக் கெடுத்துவிட்டது' என்கிறார்கள். பொறுமை இல்லாதவர் அதே வாரத்தில் பழைய ஸ்விங்குக்குத் திரும்பி, தன் அனுபவத்தையே சான்றாக ஊரெல்லாம் சொல்கிறார்.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயமான பகுதி ஒன்று உண்டு, அதை மறைப்பது நேர்மை ஆகாது. ஒவ்வொரு அடிக்கும் உடனுக்குடன் விடை கிடைத்துக்கொண்டே இருந்தால், கற்பவர் அந்த விடையைச் சார்ந்து நிற்கத் தொடங்கிவிடுவார், அதை எடுத்துவிட்டால் தடுமாறுவார். இயக்கத்திறன் ஆய்வாளர்கள் இதை 1980களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். இன்னொன்று, கவனம் எங்கே இருக்கிறது என்பது. கேப்ரியேல் வுல்ஃபும் அவர் சகாக்களும் 1999இல் புதியவர்களுக்குச் சிறு தூர அடியைக் கற்பித்தார்கள். சிலரைத் தங்கள் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், சிலரைக் கிளப்பின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். கிளப்பைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். உடம்பின் பாகங்களை எண்ணிக்கொண்டு ஆடுவது ஆட்டத்தைக் குலைக்கும் என்பது மெய்தான்.

ஆனால் இந்த இரண்டு தீமையையும் செய்வது கற்பிக்கும் முறை. கேமரா இல்லாத ஆசானும் இதையேதான் செய்தார். முழங்கையை மடக்காதே, தலையை அசைக்காதே, இடக்காலில் எடையைக் கொண்டுவா என்று ஒவ்வொரு அடிக்கும் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தது யார்? அது உடனடி விடை இல்லையா, உடம்பின்மீது கவனத்தைத் திருப்புவது இல்லையா? வீடியோவை வைத்துக்கொண்டிருக்கும் நல்ல பயிற்சியாளர் எல்லாவற்றையும் மாணவரிடம் காட்டுவதில்லை. பார்த்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டு, மாணவரிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுக்கிறார்: பந்துக்கு ஒரு சாண் முன்னால் புல்லைத் தொடு, அல்லது அந்தக் கம்பத்துக்கு வலப்பக்கம் பந்தைக் கிளப்பு. கேமரா பார்த்தது ஆசானுக்கு, வேலை மாணவருக்கு.

கேமராவைத் தவறாகப் பயன்படுத்துபவர்களைக் கண்டிக்கச் சொன்னால் முதல் ஆளாக நான் வருவேன். உலகத்தரமான ஆட்டக்காரரின் ஸ்விங்கை ஒரு பக்கமும் ஐம்பது வயது வங்கி மேலாளரின் ஸ்விங்கை மறுபக்கமும் வைத்துக் கோடு போட்டு, இந்தக் கோடு அந்தக் கோட்டோடு பொருந்தவில்லை என்று பணம் வாங்குவது மோசடி. இருவருக்கும் இடுப்பும் தோளும் வேறு, வயது வேறு. கேமராவைக் கைகளுக்கு நேராக வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாலே கிளப்பின் தளம் மாறித் தெரியும், அந்த மாயப் பிழையைத் திருத்த மாதக்கணக்கில் வகுப்பு நடக்கும். செல்போனின் சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவதால் வேகமாக வரும் தண்டு வில்லாக வளைந்து தெரியும், அதைப் பார்த்தும் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. விநாடிக்கு 30 சட்டங்கள் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கிளப் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடுகிறது. 240 சட்டங்கள் எடுத்தாலும் 18 சென்டிமீட்டர். பந்தைத் தொடும் கணம் அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும், ஆகவே கிளப்பின் முகத்தைப் பற்றி வீடியோவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. இதெல்லாம் கருவியின் எல்லைகள். எல்லை தெரியாதவரிடம் கருவி போனதற்குக் கருவியைத் தண்டிப்பது நியாயமில்லை.

பார்ப்பது என்றாலே மாற்றுவது என்றும் அர்த்தமில்லை. ஸ்காட்டி ஷெஃப்லர் டிரைவரை வீசும்போது வலக்கால் வழுக்கிப் பின்னால் போகிறது. படத்தில் பார்த்தால் யாருக்கும் கண்ணை உறுத்தும். சிறுவயதிலிருந்து அவருக்குச் சொல்லித்தரும் ராண்டி ஸ்மித் அதை அப்படியே விட்டுவிட்டார். பிடிமானத்தையும் நிற்கும் நிலையையும் மட்டும் விடாமல் சரிபார்க்கிறார்கள். எதைத் தொடக் கூடாது என்று தீர்மானிக்கத் தெரிந்த ஆசான் கையில் கேமரா இருந்தால் ஒரு கேடும் வராது.

கடைசியாக, இந்தக் கேமரா வெறுப்பு யாருக்கு வசதி என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆசானின் கண் மட்டுமே சாட்சி என்றால், அவர் சொன்னது தவறு என்று யாரும் நிரூபிக்க முடியாது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது. அந்தக் கண்ணை வாடகைக்கு எடுக்க வசதி இருப்பவர்களுக்கே நம் நாட்டில் கோல்ஃப் இதுவரை கிடைத்தது. 2014இல் ஐஃபோன் 6 விநாடிக்கு 240 சட்டங்கள் எடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் பெரிய பயிற்சிக்கூடங்களிலும் இருந்த வசதி அது, இப்போது நடுத்தர விலைப் போன்களிலும் கிடைக்கிறது. கேடியின் பிள்ளை நண்பனிடம் போனைக் கொடுத்துத் தன் ஸ்விங்கைப் பார்க்கலாம், போன மாதத்துப் பதிவோடு ஒப்பிடலாம், ஆசான் சொன்னது நடந்ததா என்று தானே சோதிக்கலாம். இந்தப் பிள்ளையிடம் போய் 'கேமராவை மூடு' என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆகவே கற்றுக்கொள்ளும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்புக்குப் போகும்போது பயிற்சியாளரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். என் பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது, ஏன்? இந்த மாற்றம் பிடிபட எத்தனை வாரம் ஆகும், அதுவரை என் ஆட்டம் எவ்வளவு சரியும்? நீங்கள் சொன்னபடி நான் செய்கிறேனா என்பதை எப்படி எனக்குக் காட்டப்போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு 'என் கண்ணே போதும்' என்று பதில் வந்தால், வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள்.